கங்கு வைத்துப் பார்த்த கீரை

அகப்பை என் கையில் இருந்தது. அது நிறையக் கடைந்த கீரை. அகப்பைக்கு நேர் கீழே ஓர் அலுமினியத் தட்டு. தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வரிசையின் முதல் ஆளாக நின்றவள் செல்வி. என் சிநேகிதி காளியம்மாளின் மகள். ஐந்து வயதிருக்கும். பசியில் அகப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எக்கா, ஊத்தாதீக!"

கத்தியது காளியம்மாள்தான். பள்ளிக்கூட முற்றத்தில் மூன்று கல் அடுப்புகள் கூட்டியிருந்தோம். முதல் அடுப்பிலிருந்து மூன்றாவது அடுப்புக்கு நெருப்புக் கொண்டுபோக, பார்வைக்கு வைத்திருந்த செடிகளிலிருந்து விழுந்து கிடந்த காய்ந்த கீரைத் தண்டு ஒன்றை எடுத்து அவள் பற்றவைத்திருந்தாள். தண்டு என்றால் பொசுங்க வேண்டும், இல்லை சுடர்விட்டு எரிய வேண்டும். இது இரண்டும் செய்யவில்லை. 'சுர்ர்' என்று பொறி கக்கிக்கொண்டு, ஒரு சிவப்புக் கங்கு தண்டின் நுனியிலிருந்து அவள் விரலை நோக்கி ஓடி வந்தது.

அவள் தண்டைக் கீழே போட்டு மிதித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இந்தக் கீரையை எங்கன பறிச்சீக?"

அறுபது பிள்ளைகள், அவர்களுடைய அம்மாமார், யூனியன் ஆபீசிலிருந்து ஜீப்பில் வந்திருந்த அதிகாரி, அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். பதில் சொல்வதற்குள் முன்கதையைச் சொல்லிவிடுகிறேன்.

புத்தகத்தில் முளைத்த கீரைகள்

நான் விருதுநகர் பஜாரில் பிறந்து வளர்ந்தவள். மிளகாய் வற்றல் மூட்டைகளுக்கும் எண்ணெய்ச் செக்குகளுக்கும் நடுவில் எங்கள் வீடு. தும்மாமல் ஒரு வாக்கியம் பேசி முடித்தவர் எங்கள் தெருவில் கிடையாது. கீரை என்றால் கூடையில் வரும் கட்டு என்றுதான் எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவளைக் கிராம சேவிகா வேலைக்குத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, ஒரு சைக்கிளையும் கொடுத்து, சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூருக்கு அனுப்பிவைத்தார்கள்.

(அந்தச் சைக்கிளைப் பழகிய கதையை இந்தத் தொடரில் போன வாரம் படித்துவிட்டு, "விழுந்ததையெல்லாம் இவ்வளவு பெருமையாக எழுதுகிறீர்களே, அம்மா" என்று சாத்தூர் வாசகி ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். சைக்கிளிலிருந்து விழுந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை, தாயே. மேலே படியுங்கள்.)

மழையும் பொய்த்து, எல்லையில் சண்டையும் நடந்த வருஷம் அது. ரேஷன் கடையில் அரிசி வந்தால் வரும், வராவிட்டால் ஏன் என்று கேட்க ஆளில்லை. டீக்கடை ரேடியோவைச் சுற்றி ஆண்கள் கையில் டம்ளரோடு நிற்பார்கள். டீ ஆறிப்போவதுகூடத் தெரியாது.

அந்த நேரத்தில்தான் யூனியன் ஆபீசிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. நாளைக்கே லாரியும் ரயிலும் நின்றுபோனால், கடையில் ஒரு மணி அரிசி இல்லாமல் போனால், காட்டிலும் மேட்டிலும் தானாக முளைத்துக் கிடப்பவற்றில் எதைத் தின்னலாம், எதை அரைத்துப் பூசலாம் என்று சேவிகாக்கள் ஊர்ப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டும். கூடவே ஒரு சைக்ளோஸ்டைல் புத்தகமும் வந்தது.

அதை எழுதிய புண்ணியவான் எந்த ஊர்க்காரரோ! 'பனி உருகும் சரிவுகளில் முளைக்கும் இளந்தளிர்களைப் பறித்து' என்று ஆரம்பித்திருந்தார். எங்கள் ஊரில் உருகுவது தார் ரோடு ஒன்றுதான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும் ஒரு வேகம் வந்தது. இந்தக் கரிசல் மண்ணுக்கு ஒரு புத்தகம் வேண்டும், அதை நான்தான் எழுதப் போகிறேன் என்று முடிவு செய்துவிட்டேன். இருபத்திரண்டு வயதில் அப்படித்தான் தோன்றும்.

முருகன் மடியில் முடக்கத்தான்

செடிகளை வேரோடு பிடுங்கி, காகிதத்துக்கு நடுவே வைத்து அமுக்கிக் காயவைக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். காகிதத்துக்குச் சிவகாசியில் என்ன பஞ்சம்? அச்சாபீஸ்களில் நிறம் விலகிப்போன காலண்டர் தாள்களைக் கட்டுக்கட்டாகக் கழித்துப் போடுவார்கள். நான் ஒரு சைக்கிள் பாரம் வாங்கி வந்தேன்.

முருகன் மடியில் முடக்கத்தான் காய்ந்தது. இரண்டு மூக்கோடு அச்சாகிவிட்ட லட்சுமியின் பாதத்தில் தூதுவளை. பிள்ளையாருக்குக் குப்பைமேனி. என் அறையின் சுவரெல்லாம் செடிகளும் சாமிகளுமாகத் தொங்கின. காலையில் கண் விழித்ததும் புதிதாக ஒன்று கிடைக்காதா என்று மனம் பறக்கும். பல் விளக்குமுன் வேலியோரம் போய் நிற்பேன். அத்தனை பைத்தியமாக நான் வேறு எதன் பின்னாலும் அலைந்ததில்லை. கல்யாணத்துக்குக்கூட அந்தப் பரபரப்பு இருந்ததில்லை. (இதை என் வீட்டுக்காரரும் படிப்பார். படிக்கட்டும்.)

காளியம்மாளை அந்த அலைச்சலில்தான் பிடித்தேன். என் வயதுதான் அவளுக்கும். சிறுமியாக இருக்கும்போது அம்மாவோடு பருத்திக்காட்டில் களை எடுத்தவள். பிறகு ஊர்ப் பெண்கள் பாதிப்பேர் போனதுபோல் அவளும் வெடி ஆபீசுக்குப் போய்விட்டாள். பட்டாசுக் கம்பெனியை அங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அவளுக்குத் திரி வேலை. வெடியுப்புக் கரைசலும் கரியும் தோய்த்த நூலைத் திரியாக்கி, காயவைத்து, வெட்டிக் கட்ட வேண்டும். ஒரு திரி எவ்வளவு வேகத்தில் ஓடும் என்பதை விரலால் உருட்டிப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

வேலை முடிந்து வந்ததும் நேரே அடுப்பங்கரைக்குப் போக மாட்டாள். வெடிமருந்து படிந்த சேலையை வெளியிலேயே அவிழ்த்து முள்வேலியில் போட்டுவிட்டு, குளித்து, வேறு சேலை மாற்றிக்கொண்டுதான் நெருப்புப் பக்கம் போவாள். அந்த ஊரில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். எந்த வீட்டு வேலியில் சேலை தொங்குகிறது என்று பார்த்தே யார் வேலை விட்டு வந்தாயிற்று என்று சொல்லிவிடலாம்.

ஒரு நாள் உருண்டையாக, பச்சை வரி போட்ட காய்களை மடி நிறையக் கொண்டுவந்து, "சுக்காங்காய்! கூட்டு வைக்கலாம்" என்று குதித்தேன்.

காளியம்மாள் ஒன்றைப் பிளந்து நீட்டினாள். "நாக்குல வச்சுப் பாருங்க."

வைத்தேன். மறுநாள் சாயங்காலம் வரை காப்பிகூடக் கசந்தது.

"இது பேய்க்குமட்டிக்கா. ஒரு காயைத் தின்னா போதும், மூணு நாளைக்கு வயித்தால போயிக்கிட்டே இருப்பீக" என்று அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சுக்காங்காய் நீளவாக்குல இருக்கும். எம்புட்டுப் படிச்சிருக்கீக, இது தெரியலையே!"

எனக்குக் கோபம் வந்தது. சொல்லித்தர வந்தவள் நான் அல்லவா? அன்றிலிருந்து அவளிடம் பாதியைக் கேட்பேன், பாதியை எனக்குத் தெரிந்ததுபோல் வைத்துக்கொள்வேன். அந்தப் பாதிதான் பிறகு என் கழுத்தைப் பிடித்தது.

ஒரே ஒரு விஷயத்தில் நான் ஜெயித்தேன். நெருப்புக் காயம் பட்டால் உடனே பேனா மையை எடுத்து ஊற்றும் வழக்கம் அங்கே இருந்தது. வெடியும் தீப்பெட்டியும் அச்சு மையும் ஒரே ஊரில் இருந்தால் வேறென்ன நடக்கும்? அது கூடாது, முதலில் குடத்துத் தண்ணீர், கை குளிரும் வரை தண்ணீர், பிறகு சின்னக் காயமென்றால் சோற்றுக்கற்றாழைச் சதை, பெரிய காயமென்றால் ஆஸ்பத்திரி என்று நான் தொண்டை வறளக் கத்தினேன். பெரியவர்கள் கேட்கவில்லை. விடுவேனா! பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பிடித்துப் பாடமாகவே சொல்லவைத்தேன். வேலி நெடுகக் கற்றாழை நட்டோம்.

ஒருவருக்கும் சொல்லாத இடம்

தீபாவளி முடிந்தது. சீசன் ஓய்ந்து வெடி ஆபீஸ்கள் கதவைச் சாத்தியிருந்தன. வேலையில்லாத வீடுகளில் அரிசிப் பானையும் காலி. இந்தச் சமயத்தில்தான் அதிகாரி செய்முறை விளக்கம் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. அறுபது பிள்ளைகளுக்கும் அம்மாமாருக்கும் காட்டுக்கீரை சமைத்துப் போட வேண்டும். அவர் பார்த்து எழுதும் குறிப்பை வைத்துத்தான் என் வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் திரும்ப மிளகாய் மண்டித் தெரு, தும்மல், மாப்பிள்ளை பார்க்கும் படலம்.

கீரைக்கு எங்கே போவேன்? ஒரே ஒரு மழைதான் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. புறம்போக்கில் எல்லாம் விரல்கடை உயரம்தான். நல்ல கீரை பருத்திக்காடுகளில் நின்றது. அந்தக் காடுகள் ராமலட்சுமி அம்மாள் வீட்டுக்குச் சொந்தம். "கவர்மெண்டு சம்பளம் வாங்குறவுகளுக்கு என் காட்டுல என்ன சோலி?" என்று ஒருமுறை என்னை வாசலோடு திருப்பி அனுப்பிய அம்மாள் அவர். மறுபடி அந்த வாசலை மிதிக்க என் ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

இப்படி மனம் வெந்துகொண்டு ஒரு காலையில் ஆள் நடமாட்டமில்லாத பின்பாதையில் சைக்கிளை மிதித்தபோதுதான் பார்த்தேன். ஒரு வெடி ஆபீசின் பின்வேலிக்கு அப்பால், பள்ளமான நிலத்தில், குப்பைக்கீரை இடுப்புயரம் நின்றது, அடியில் சாரணை பாயாகப் படர்ந்திருந்தது! தண்டு என் கட்டைவிரல் கனம். இலை காலண்டரில் அச்சடித்த பச்சை. நான் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். அங்கேயே உட்கார்ந்து கையைத் தட்டிச் சிரித்ததாக ஞாபகம்.

யாருக்கும் சொல்லவில்லை. காளியம்மாளுக்கும்தான். நானே கண்டுபிடித்த இடம் என்று ஒன்று எனக்கு வேண்டாமா?

ஒரு கட்டு பறித்து வந்து பாதியைச் செய்முறை நாளில் பார்வைக்கு வைக்கக் காயப்போட்டேன். மீதியைச் சமைத்துத் தின்றேன். உப்புப் போட மறந்திருந்தும் உப்பாகவே இருந்தது. பூமியே உப்புப் போட்டு அனுப்பியிருக்கிறது என்று என் நோட்டில் எழுதிவைத்தேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. அன்று சாயங்காலம் வயிறு கலங்கியது, கால் துவண்டது. மேடைப் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

செய்முறை நாளன்று விடிந்ததும் தனியாகப் போய் நான்கு சாக்கு நிறையப் பறித்து, நான்கு நடையாகச் சைக்கிளில் கொண்டுவந்து சேர்த்தேன்.

"எம்மாடி! எங்கனக்கா கெடச்சுது?" என்று காளியம்மாள் வாயைப் பிளந்தாள்.

"அதெல்லாம் கெடைக்கிறவங்களுக்குக் கெடைக்கும்" என்றேன்.

அந்த மிதப்போடுதான் அகப்பையைத் தூக்கினேன்.

பதில்

"இந்தக் கீரையை எங்கன பறிச்சீக?"

'கண்மாய்க்கரையில்' என்ற பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒளிக்காமல் எழுதுகிறேன், வந்துவிட்டது. அதிகாரி இரண்டடி தூரத்தில் நின்றார். அவர் கையில் பேனா மூடி திறந்திருந்தது. செல்வி மட்டும் தட்டை இறக்கவே இல்லை. கை வலித்து, இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"வெடி ஆபீஸ் பின்வேலிக்கு அங்கிட்டு. பள்ளத்தில்" என்றேன்.

காளியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ, அக்கா! சீசன் முச்சூடும் சல்லடை களுவுன தண்ணி, சட்டி களுவுன தண்ணி, தரை களுவுன தண்ணி எல்லாம் அந்தப் பள்ளத்துக்குத்தானே போவுது? அம்புட்டு வெடியுப்பையும் குடிச்சுல்ல இந்தக் கீரை கொளுத்திருக்கு! அதான் தண்டு திரி மாதிரி ஓடுது. வெடியுப்போட போச்சா, பச்சை வெளிச்சம் தாறதுக்குப் போடுற உப்பும் அதுல கலந்து கெடக்கு. அது விஷம்க்கா. அங்கன எங்காளுக யாரும் ஒரு இலை கிள்ள மாட்டோம்."

கூட்டத்தில் யாரோ, "சொல்லியிருக்கலாம்ல" என்றார்கள்.

"யாரு போய் அங்கன பறிப்பான்னு நெனச்சுச் சொல்றது?" என்று அவள் சீறினாள்.

அதிகாரி குறுக்கிட்டார். "வேகவைத்தாயிற்றே, சரஸ்வதி. கொதித்தால் போய்விடாதா?"

என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. காளியம்மாள்தான் சொன்னாள். "கொதிச்சா உப்பு எங்கய்யா போவும்? கொளம்புலதான இருக்கும்?"

பின்வரிசையில் ஒரு குரல் எழும்பியது. வேடிக்கை பார்க்க வந்திருந்த ராமலட்சுமி அம்மாள். "போன மாசம் எங்க வெள்ளாடு ரெண்டு அந்த வேலிப்பக்கம் மேஞ்சிட்டு வந்து, காலு மடங்கி விளுந்து செத்துச்சே. எவ கண்ணு பட்டுச்சோன்னு நான் ஊரையே வைஞ்சுக்கிட்டுக் கெடந்தேன்!"

கால் மடங்கி. எனக்கு மூன்று நாளுக்கு முன் துவண்ட என் கால் ஞாபகம் வந்தது. அகப்பையை அண்டாவுக்குள் திரும்பக் கவிழ்த்தேன். செல்வியின் தட்டில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. அதற்கு நான் இன்றைக்கும் எந்தெந்தச் சாமிக்கோ நன்றி சொல்கிறேன்.

"எல்லாத்தையும் கொட்டணும்" என்றேன். "என் தப்புதான் சார். யாரையும் கேட்காமல் பறித்தேன். எழுதிக்கொள்ளுங்கள்."

சும்மா கொட்டவும் முடியாது, ஆடு கோழி வாய் வைக்கும். பெண்கள் நாலு பேர் மண்வெட்டி எடுத்து முழங்கால் ஆழம் குழி தோண்டினார்கள். கடைந்தது, கடையாதது எல்லாக் கீரையும் உள்ளே போயிற்று. மேலே மண், அதற்கும் மேலே கருவேல முள்.

திரும்பிப் பார்த்தால், அறுபது தட்டுகள் அப்படியே நிற்கின்றன. கம்பஞ்சோறு ஆறிக்கொண்டிருந்தது. தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. பல வீடுகளில் அன்றைக்கு அந்தச் சோறுதான் சோறு.

ஒன்றரை மணி நேரம்

நான் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். காளியம்மாள் வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏன்க்கா, கடையும் இல்ல, கஞ்சியும் இல்லன்னா என்ன செய்யணும்னுதான இம்புட்டு நாளா வகுப்பு எடுத்தீக? இப்ப அந்த நேரம் வந்திருச்சு. எந்திரிங்க!"

எனக்குள் ஏதோ சட்டென்று பற்றிக்கொண்டது. எழுந்து சேலையை இழுத்துச் செருகினேன்.

ராமலட்சுமி அம்மாள் தொண்டையைச் செருமினார். "எங்க பருத்திக்காட்டுல தொய்யக்கீரை மண்டிக் கெடக்கு. களை எடுக்க வாங்கடின்னா எல்லாரும் கம்பெனிக்கு ஓடிட்டாளுக. போய்ப் பறிச்சுக்கிடுங்க. களை எடுத்த மாதிரியும் ஆச்சு."

"கூலி கேக்க மாட்டோம்மா, பயப்படாதீக" என்றாள் காளியம்மாள்.

ராமலட்சுமி அம்மாள் முறைத்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். முற்றமே சிரித்தது.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் என்னால் உட்கார்ந்து எழுத முடியவில்லை. பெண்கள் மடியைக் கட்டிக்கொண்டு நாலு திக்கிலும் பறந்தார்கள். வெடி ஆபீசுக்குப் போய் வருஷக்கணக்காக மண்ணைத் தொடாதவர்கள் பருத்திச் செடிகளுக்கு நடுவே குனிந்தார்கள். "எக்கா, இங்கன வாங்க, அதலைக்காய்!" "சுக்காங்காய், நீளவாக்குல, நல்லாப் பாருங்க டீச்சர்!" என்று எல்லாப் பக்கமும் கூவல். என் பேய்க்குமட்டிக் கதை ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது எனக்கு அன்றுதான் தெரிந்தது. யாரோ பிரண்டை கொண்டுவந்தார்கள். கை அரிக்க அரிக்க உரித்தார்கள். கண்மாய்க்கரை முள்ளில் படர்ந்திருந்த கோவை இலையை ராமலட்சுமி அம்மாளே ஒரு கைப்பிடி கிள்ளி வந்தார்.

ஆனால் வந்த மடி எதுவும் நேரே பானைக்குப் போகவில்லை. காளியம்மாள் அடுப்பில் ஓட்டுத்துண்டு ஒன்றை வைத்து உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு மடியிலிருந்தும் ஒரு கொத்து. எங்கே பறித்தது என்று முதலில் கேள்வி. பிறகு இலையையும் காம்பையும் ஓட்டில் வாட்டி மொறுமொறுவென்று காயவைப்பாள். இடுக்கியில் கங்கை எடுத்து நுனியில் வைப்பாள். ஓடினால் குழிக்கு. கருகிப் புகைந்தால் பானைக்கு.

"கருகுது!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். "பானைக்கு!"

ஒரே ஒரு மடி ஓடியது. வெடி ஆபீஸ் பாதையோரம் கிள்ளிய சாரணை அது. கிள்ளி வந்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டு குழிப்பக்கம் ஓடினாள்.

"இதை நம்பியே இருந்திராதீக அக்கா" என்று காளியம்மாள் என்னிடம் தணிந்த குரலில் சொன்னாள். "கங்கு உப்பைத்தான் காட்டிக் குடுக்கும். பேய்க்குமட்டியைக் காட்டிக் குடுக்காது. அதுக்குக் கண்ணுதான் வேணும்." நான் நோட்டை எடுத்து, 'பூமியே உப்புப் போட்டு' என்ற வரியை அடித்துவிட்டு அதை எழுதினேன்.

அதிகாரிக்கும் இருப்புக் கொள்ளவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "நான் ஒன்று வைத்துப் பார்க்கிறேன்" என்று இடுக்கியை வாங்கினார். ஐந்து இலை பார்த்தார். ஆறாவதில் கங்கு நழுவி விரலைச் சுட்டுவிட்டது. 'ஆ' என்று கையை உதறியவர், பழக்கதோஷத்தில் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, மையை விரலில் ஊற்றப் போனார்.

"மை ஊத்தக் கூடாது!"

அறுபது பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த நொடி செல்வி அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய்க் குடத்துக்குள் விட்டாள். இரண்டு பையன்கள் வேலிக்கு ஓடிக் கற்றாழை மடல் ஒடித்து வந்தார்கள். யூனியன் முழுக்க உத்தரவு போடுகிறவர் குடத்துக்குள் கையை விட்டுக்கொண்டு, "எடுக்கலாமா?" என்று செல்வியிடம் கேட்டார்.

"இன்னும் இல்ல" என்றாள் அவள்.

ஒன்றரை மணி நேரத்தில் கீரை கடைந்தாயிற்று, அதலைக்காய் வதக்கியாயிற்று, பிரண்டைத் துவையல் அரைத்தாயிற்று. முதல் அகப்பை எனக்கு. நான்தான் கேட்டேன். தின்றுவிட்டுக் கால் மணி நேரம் எல்லோரும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு செல்வியின் தட்டில் ஊற்றினேன். அவள் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

கருகிய மூலை

அதிகாரி நல்லவர். நல்லவர் என்பதற்காகச் சும்மா விட்டுவிடவில்லை. விரலில் கற்றாழையோடு எழுதினார்: சேவிகா இடத்தைத் தீர விசாரிக்காமல் கீரை பறித்தார், தவற்றை மறைக்காமல் சொன்னார், நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிவைக்கப்படுகிறது, அதற்குள் இந்த வட்டாரத்தில் எங்கெங்கே பறிக்கக் கூடாது என்று படம் போட்டுத் தர வேண்டும்.

அன்று இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டேன். பிறகு அந்த ஆறு மாதமும் நான் திருவிழாவுக்குப் போகிறவள் மாதிரி திரிந்தேன். லீவு நாளெல்லாம் காளியம்மாள் என் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வருவாள். ஒவ்வொரு ஆபீஸ் வேலியாக, கழுவுகிற தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக் கோடு போட்டோம். காலண்டர் தாளின் பின்பக்கம்தான் எங்களுக்கு வரைபடம். இந்த முறை எனக்குத் தெரிந்ததுபோல் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. தெரியாததையெல்லாம் கேட்டேன். அவள் சொன்னதையெல்லாம் அவள் பெயரைப் போட்டே எழுதினேன். 'சொன்னவர்: காளியம்மாள், திரி வேலை.' சைக்ளோஸ்டைலில் அவள் பெயர் வந்த பக்கத்தை அவள் வீட்டு அரிசிப் பானைமேல் ஒட்டிவைத்திருந்தாள்.

உத்தரவு ஒருநாள் தபாலில் வந்தது. பிரித்ததும் அவள் வீட்டுக்குத்தான் ஓடினேன். வேலிச் சேலை காற்றில் ஆடியது. அவள் குளித்துவிட்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"வந்திருச்சு காளி! நிரந்தரம்!"

அவள் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள்தான். என்றாலும் படிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, இடுக்கியால் அடுப்பிலிருந்து ஒரு கங்கை எடுத்தாள்.

"ஏய், என்ன பண்றே!"

"இருங்க. எங்கனருந்து வந்த ஆர்டரோ, என்ன கண்டோம்?" என்று காகிதத்தின் மூலையில் கங்கை வைத்தாள். மூலை பழுப்பாகி, கறுத்து, புகைந்து நின்றது. அவள் ஊதி அணைத்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "ஓடலை. கருகுது. பானைக்கு!"

நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு மட்டும் நீங்க கண்மாய்க்கரைன்னு சொல்லியிருந்தா, நான் நம்பிருப்பேன்க்கா. எம்புள்ள தின்னிருக்கும்" என்றாள். நாக்கு நுனிவரை அந்தப் பொய் வந்தது அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பல வருஷம் கழித்து நான் ஓய்வு பெற்றபோது, கோப்பைப் புரட்டிய குமாஸ்தா அந்த உத்தரவைத் தூக்கிப் பிடித்து, "இது என்னம்மா, மூலை எரிந்திருக்கிறது? செல்லுமா இது?" என்று கேட்டார்.

"செல்லும் தம்பி" என்றேன். "அதைச் சோதிச்சுப் பாத்தாச்சு."